ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு லாரி வந்துவிட்டால் ஜவ்வரிசி ஆலையில் விடியலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். பனியில் நனைந்த மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள் சின்னப்பொண்ணு. மண்ணும் கிழங்குப் பாலும் அப்பி விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

"எழுந்திரு. உன் பேரு வரல," என்றார் மேஸ்திரி வீரமுத்து. பின்னால் நைனார்பாளையத்துப் பெண்ணொருத்தி அவள் இடத்துக்காகக் காத்து நின்றாள்.

முதலாளி சிவசங்கர் ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் ஏஐ உதவியாளர் ஒன்றை இணைத்துவிட்டிருந்தார். நாளைக்கு வருவீர்களா என்று இப்போது அதுதான் கேட்கிறது. சின்னப்பொண்ணு வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நிர்மலாதான், "நானும் சின்னப்பொண்ணும் வரோம்" என்று தன் போனில் சொல்லிவிடுவாள். மேஸ்திரி கேட்ட காலத்தில் அந்தத் தெருவே அப்படித்தான் சொல்லிவந்தது. புதிதாக வந்த இந்த ஏஐ மகராசனோ ஒரு நம்பருக்கு ஒரு ஆளைத்தான் எண்ணுவானாம்.

சின்னப்பொண்ணு முதலாளியிடம் ஓடினாள்.

"கத்தியோட உக்காந்துகினு இருக்கேன், கண்ணுக்குத் தெரியலீங்களா? வரலன்னா எப்படிங்க?"

"நான் இன்னாம்மா பண்றது? அது சொல்ற ஆளுக்குத்தான் வேலை."

"அது எங்க இருக்குதுன்னு சொல்லுங்க. நேர்ல போயி கேட்டுக்கிறேன்."

சிவசங்கர் சிரித்துவிட்டார். "அது எங்கயும் இல்லம்மா. போன் வாங்கினு வா, சேத்துடறேன்."

"வேலையே இல்லன்னா போன் எப்படிங்க வாங்கறது?"

அவர் உள்ளே போய்விட்டார்.

ஆளென்றால் சண்டை போடலாம், காலில்கூட விழலாம். எங்கேயும் இல்லாத ஒன்றிடம் என்ன செய்வது? கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து அழுதாள்.

உள்ளே கிழங்கு சீவிக்கொண்டிருந்த நிர்மலா போனில் பேசிப் பார்த்தாள். "அவ வாசல்லதான் இருக்கறா, சேத்துக்கோ."

உடனே பதில் வந்தது: "வணக்கம்! உங்கள் வருகை ஏற்கெனவே பதிவாகியுள்ளது. இனிய நாளாக அமையட்டும்!"

நிர்மலா அதை உரக்கப் படித்தாள். சீவுகிற கைகள் நின்றன.

"என் பேரு இருக்குது இல்ல? நான் வெளிய போறேன். அது இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்," என்று நிர்மலா கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் சீவிக்கொண்டிருந்த செந்தமிழ்ச்செல்வி எழுந்தாள். பிறகு நைனார்பாளையத்துப் பெண்ணைத் தவிர வரிசையே எழுந்து கேட்டுக்கு வெளியே வந்தது.

சீவிய கிழங்கு வெயிலேறினால் கறுத்துவிடும். சிவசங்கர் கேட்டருகே வந்து கத்தினார். "பேரு வந்தவங்க மட்டும் உள்ள வாங்க!"

"சின்னப்பொண்ணு பேரையும் சொல்லிக் கூப்புடுங்க," என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

அவர் கூப்பிடவில்லை. கேட்டைச் சாத்திக்கொண்டார். நாளை யாருக்கு வேலை இருக்கும் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கேட் மறுபடி திறந்தது. நைனார்பாளையத்துப் பெண் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுக்கா."

சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.