இரண்டு முறை கழித்த வெளிச்சம்

இன்ஸ்ப்ரூக்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துப் படிகத்துக்குள் லேசரை விட்டால் ஒளித்துகள்கள் ஜோடியாகப் பிறக்கும். ஒன்றை இந்த அறையிலும் மற்றதை அடுத்த அறையிலும் அளந்தால், இரண்டும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமைக்கு ஓர் எண் உண்டு. இயற்கை அதை 2.83க்கு மேல் விடாது. எங்களோடு ஆராய்ச்சி செய்த கெப்ஹார்டுக்கு 2.91 வந்தது.

கண்ணாடிகளைத் திருப்பி ஒளிக்கு வழி அமைத்தவள் ரோஸ்விதா. கணக்குப் போட்டவன் அவன். அவன் எழுதிய கணினி நிரலைப் படித்தபோது அவளுக்குப் பிழை தெரிந்துவிட்டது. அறையில் கசியும் பின்னணி வெளிச்சத்தைக் கணக்கிலிருந்து ஒரு முறை கழிக்க வேண்டும். அவன் இரண்டு முறை கழித்திருந்தான்; அதனால்தான் எண் ஏறியிருந்தது. சொல்லத்தான் உணவகத்துக்கு ஓடினாள்.

"வந்துட்டாங்கப்பா, நம்ம கண்ணாடி துடைக்கிற மகாராணி!" என்றான் கெப்ஹார்ட். "கவலப்படாத ரோஸி, கட்டுரையில உன் பேரும் வரும். கடைசியில, பொடி எழுத்துல."

மேசையே சிரித்தது.

"கொஞ்சம் வெளியே வரியா? ஒண்ணு பேசணும்."

"என்ன, பெரிய எழுத்துல வேணுமா?"

அவள் உட்கார்ந்து சூப்பைக் குடித்தாள். பிழையைச் சொல்லாமலே எழுந்து போனாள்.

மறுநாள் வெளியூர் விருந்தினர்கள் முன் அவன் எண்ணைக் காட்டினான். ஒரு பெண்மணி மெதுவாகக் கேட்டார்: "பின்னணிய எந்த இடத்துல கழிச்சீங்க?" நிரலைத் திரையில் போட்டான். படித்துக்கொண்டே வந்தவனின் குரல் பாதியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை.

"நீயாவது பாத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் எங்கள் பேராசிரியர்.

"பாக்கல சார்" என்றாள் ரோஸ்விதா.

அந்தக் குளிர்காலத்திலேயே கெப்ஹார்ட் ஆராய்ச்சியை விட்டான். லாண்டெக் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியரானான். ரோஸ்விதா பட்டம் வாங்கினாள், பேர் வாங்கினாள். பல வருஷம் கழித்து ஒருநாள் ரயிலேறிப் போய், பள்ளி வாசலில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டினான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா எல்லார் முன்னாடியும் உன்னைப் பாத்துக் கத்தியிருப்பேன். அப்புறம் ராத்திரி உக்காந்து திருத்தியிருப்பேன். அவ்வளவுதான் ரோஸி."

"இப்பவாவது கத்து."

"இப்பக் கத்தக்கூடத் தோணல."

மணி அடித்தது. அவளுடைய கையைக் குலுக்கிவிட்டு வகுப்புக்குப் போனான். திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே எதையும் பார்க்கவில்லையாம்.