நிகத்துக்கு எந்த பிஸ்டல்

முடிச்சூர் ரோட்டில் ஒரு ஃபர்னிச்சர் குடோனுக்கு மேலே இருக்கிறது எங்கள் ஏர் பிஸ்டல் கிளப். சுடுவதற்கு நான்கு லேன், ஒரு ஏசி. ஏசி ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தேர்வு. குண்டுக்கு அதிகபட்சம் பத்து மதிப்பெண்; அறுபது குண்டில் ஐந்நூற்று நாற்பது எடுத்தால் எங்கள் கிளப் நிகத் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எடுக்காவிட்டால் அவ்வளவுதான். சிறுசேரி ஆபீஸிலிருந்து அவளைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள், அடுத்த வருடம் இங்கே இருக்க மாட்டாள்.

அவளிடம் சொந்த பிஸ்டல் இல்லை. இரவல் தர இருவர் தயார். சாலமன் அண்ணனுடையது கனம், என்னுடையது லேசு. தேர்வன்று சோதனை மேஜையில் ஒன்றைக் காட்டி ஸ்டிக்கர் வாங்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

சாலமன் அண்ணனுக்குத் திருமுடிவாக்கத்தில் கேட், கிரில் செய்யும் பட்டறை. கனம் என்றால் அவருக்கு மரியாதை.

"பிஸ்டல்னா கையில கீதுன்னு தெரியணும் தங்கச்சி. ஜோஸ்வினோடது இன்னா, ஹோலிக்குப் பீச்சற தண்ணித் துப்பாக்கி மாதிரி கீது."

நிகத் அவருடையதில் பத்து குண்டு சுட்டாள். தொண்ணூற்று நான்கு. என்னுடையதில் எண்பத்தொன்பது. என்னுடையதைப் பிடித்தால் நாடித்துடிப்புகூட குழல் நுனியில் தெரியும். கனமானது அதையெல்லாம் விழுங்கிவிடும்.

அவள் கணவன் ஃபயாஸ் படப்பையில் திரைச்சீலை விற்கிறான். வாழ்க்கையில் ஒரு குண்டும் சுட்டதில்லை. ஆனால் கருத்து உண்டு.

"முடிஞ்சுது மச்சான். தொண்ணூத்தி நாலை ஆறால பெருக்கு."

"பெருக்கறதுக்கு இது என்ன கர்ட்டன் துணியா?" என்றேன்.

எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம். பத்து குண்டு சுட்டதும் லேனை அடுத்தவருக்கு விட்டுவிட்டு, கீழே அம்மணியக்கா கடையில் டீ. மறுபடி பத்து, மறுபடி டீ. அதனால் எல்லோரும் பத்து குண்டில் சாம்பியன். எந்த பிஸ்டல் நல்லது என்பதையும் அந்தப் பத்தை வைத்தே தீர்மானித்துவிடுவோம். அறுபதையும் ஒரே மூச்சில் சுட்டுப் பார்த்தவர் யாருமில்லை. தேர்வில் டீ கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவும் இல்லை.

நிகத்துக்கு உறைத்தது. சனிக்கிழமை காலை ஒரு லேனைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். ஆள் வராததால் அம்மணியக்காவே டீயோடு மாடியேறி வந்தார்.

"இன்னா கண்ணு, என் டீ அவ்ளோ கேவலமா கீதா?"

"இல்லக்கா, நாளைக்குப் போட்டி. அங்க டீ தர மாட்டாங்க."

"டீ தராத எடத்துக்கு எதுக்குப் போற?"

முப்பது குண்டுவரை கனமான பிஸ்டல் ஆணி அடித்தது போல நின்றது. அதன்பின் நுனி தள்ளாட ஆரம்பித்தது. தள்ளாடும்போதே சுட்டாள். ஏழு. மறுபடி ஏழு.

"ஆடுதுன்னு தெரியுதுல்ல, ஏன் சுட்ட?" என்றேன்.

"இறக்கினா மறுபடி தூக்கணுமே" என்றவள், தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல பிஸ்டலைப் பார்த்தாள்.

சாயங்காலம் என்னுடையதில் அறுபது சுட்டாள். பத்துகள் அதிகம் விழவில்லை, ஏழும் விழவில்லை. கூட்டினால் காலையில் ஐந்நூற்று முப்பத்தாறு, மாலையில் ஐந்நூற்று முப்பத்தேழு. இரண்டுமே தேறவில்லை.

"ஒரு பாயிண்ட்டுதான் வித்தியாசம். நம்ம அண்ணனோடதையே எடுத்துக்கோ" என்றான் ஃபயாஸ்.

மறுநாள் சோதனை மேஜையில் என் பிஸ்டலை வைத்தாள். சாலமன் அண்ணன் முகம் தொங்கிவிட்டது.

"உங்களோடதைத் தூக்கிட்டா சுட்டே ஆகணும்ணா. இதை எத்தனை தடவை வேணும்னாலும் இறக்கிக்கலாம்."

"அது சரி" என்றார். சரியென்று நினைத்ததாகத் தெரியவில்லை.

ஐம்பத்தொன்பது குண்டு முடிந்தபோது கடைசிக்கு எட்டு வேண்டியிருந்தது. பக்கத்து லேன்களில் எல்லோரும் முடித்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நிகத் கையைத் தூக்கினாள். குறி பார்த்தாள். இறக்கினாள்.

"என்னாச்சு?" என்று ஃபயாஸ் என் தொடையைக் கிள்ளினான்.

தூக்கினாள். இறக்கினாள். கடிகாரம் கடைசி நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

"சுடேன்மா..."

"கம்முனு இருப்பா, அந்தப் பொண்ணுக்குத் தெரியும்" என்றார் சாலமன் அண்ணன். அவர் வலது கையும் தானாகக் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

மூன்றாவது முறை தூக்கினாள். டப்.

திரையில் புள்ளி வந்தது. எட்டு. அதுவும் எட்டின் விளிம்பில், விழுந்துவிடுமோ என்பதுபோலத் தொற்றிக்கொண்டு. போதும்.

அவள் அவசரப்படவில்லை. பிஸ்டலைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று அதிகாரிக்குக் காட்டி, மேஜையில் வைத்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினாள். அதற்குள் ஃபயாஸ் மாமியாருக்குப் போன் போட்டு, கடைசிக் குண்டு நடுப் பத்து என்று சொல்லிக்கொண்டிருந்தான்.