கோட்டோடு ஒட்டாத புள்ளி

திரையில் புள்ளிகளெல்லாம் சாய்கோட்டை ஒட்டிச் சமர்த்தாகக் கிடந்தன. ஒன்று மட்டும் வெகு கீழே, யாரோடும் ஒட்டாமல் கிடந்தது. கம்பெனி கட்டிய கட்டடங்களின் விவரங்களை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து, சிலவற்றை மட்டும் காட்டாமல் ஒளித்துவைத்து, கட்ட எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டுச் சோதிக்கிற நாள் அது. இயந்திரமும் அச்சு அசலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எஸ்டிமேட் போட்டே கண் மங்கிப்போன அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. கீழே தனியாகக் கிடந்த புள்ளியின் கட்டடத்துக்கு மட்டும் நிஜச் செலவைவிடக் கன்னாபின்னாவென்று அதிகம் சொன்னது.

"தூக்கிரலாம்க்கா," என்றான் புரோகிராமர். "ஒண்ணே ஒண்ணு மானத்தை வாங்குது. அதை எடுத்துட்டா ரிசல்ட் ஜம்முன்னு இருக்கும்."

"எந்தக் கட்டடம்னு பாருங்க."

அவன் புள்ளியைத் தொட்டான். வந்தது அவள் வீட்டு முகவரி.

கம்பெனி தன் ஊழியர்களுக்குச் சலுகையில் கொடுத்த அடுக்குமாடி அது. யாரோ எண்ணைத் தப்பாக அடித்திருப்பார்கள் என்று நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள். எதில் இடிக்கிறது என்று பிரித்துக் காட்டச் சொன்னாள். டைல்ஸ், பெயின்ட், லிஃப்ட் என்று கண்ணுக்குத் தெரிகிறவையெல்லாம் சரியாக இருந்தன. கம்பியும் சிமென்ட்டும்தான் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. கொஞ்ச நாளாகவே படுக்கையறைக் கதவு மூடாமல் அடம்பிடிக்கிறது. மரம் உப்பியிருக்கிறது என்று கணவர் இழைத்துவிட்டிருந்தார்.

பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டு வாசலில் லாரி நின்றது. ஆட்கள் செங்கல் சுமந்து படியேறிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரான கணவர், கல்யாண வீட்டு மாப்பிள்ளையின் அப்பா மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மொட்டைமாடியில் இன்னொரு தளம் எழுப்ப அனுமதி கிடைத்துவிட்டதாம்.

"பாப்பா எங்க?"

"மாடியில விளையாடுறா. நீ என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"இதை நிறுத்துங்க. எல்லாரையும் கீழ இறங்கச் சொல்லுங்க. இந்தக் கட்டடத்துல கம்பியே சரியா போடலீங்க."

"யாரு சொன்னா?"

"மெஷின்."

அவர் சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டர் ஜோசியமா? இத்தனை வருஷமா குத்துக்கல்லாட்டம் நிக்குதே!"

அதை நம்பினால் தேவலை என்றுதான் அவளுக்கும் இருந்தது. இயந்திரம் சொன்னது தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் வேலை போகும், ஊரே கைகொட்டிச் சிரிக்கும். சரியாக இருந்தால்? அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. மூச்சிரைக்கப் படியேறி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். எதிரே செங்கல் சுமைகள் ஒவ்வொன்றாக ஏறிவந்தன. சுவரோடு ஒண்டி வழிவிட்டாள். அம்மாவின் அவசரத்தைப் பார்த்துக் குழந்தை அழத் தொடங்கியது.

தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கீழ வாங்க! எல்லாரும் கீழ இறங்கி வந்துருங்க!"

ஜன்னல்கள் திறந்தன. என்ன கூத்து என்று பார்க்க ஆளாளுக்குப் பால்கனிக்கு வந்தார்கள். வந்தவர்கள் உள்ளே இருந்தவர்களையும் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டார்கள். எல்லாத் தளங்களிலும் கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள் நெருக்கியடித்துச் சாய்ந்து, அவளை எட்டிப் பார்த்தார்கள்.