கம்பம் நட வெட்டிய குழி

ஊரில் அவருக்குக் கடப்பாரை என்று பெயர். எதைத் தோண்டினாலும் பாதாளத்தைப் பார்க்காமல் விடமாட்டார். செடி நடச் சொன்னால் ஆளே இறங்கி நிற்கிற மாதிரி குழி வெட்டி வைப்பார். அந்த மனிதரைத்தான் அவர் மனைவி, ஆழ்துளைக் கிணறு போட வந்தவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சோப்பு வாங்கப் போனாள். இவர் "இன்னும் போங்க, இன்னும் போங்க" என்று கையாட்ட, குழாய் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வந்தது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்குமா? அவள் புதிதாகத் திறந்த சலவைக் கடையில் தேய்த்துத் தேய்த்துக் கை நொந்ததுதான் மிச்சம். காய்ந்த துணியோ அட்டை மாதிரி விறைத்து நின்றது. விடுதிக்காரர் நம்பிக் கொடுத்த படுக்கை விரிப்புகள் மூட்டையாகக் கிடந்தன. நாளைக்குள் வெளுத்துக் கொடுக்காவிட்டால் கடையை மூடிவிட்டு, பழையபடி அண்ணி கடையில் இஸ்திரிப் பெட்டி பிடிக்க வேண்டியதுதான். அண்ணி நல்லவள்தான், ஆனால் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். நினைத்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணி லாரிக்குச் சொல்லியிருக்கேன். அது வர்றதுக்குள்ள துணி காயப்போடக் கம்பமாவது நடுங்க," என்றாள் கணவரிடம்.

கடைக்குப் பின்னால் மணல்மேடு, அதற்கும் பின்னால் கடல். மேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பள்ளத்தில் அவர் வெட்ட ஆரம்பித்தார். இடுப்பளவுகூடப் போகவில்லை, நிறுத்திவிட்டார்.

"என்ன, அதுக்குள்ள கை வலிக்குதா?"

"கிண்டல் பண்ணாத. தண்ணி ஊறுது. இதுல கம்பம் எப்படி நிக்கும்?"

அவள் குனிந்து, கையில் ஒட்டியிருந்த சோப்புப் பிசுக்கை அந்தத் தண்ணீரில் அலசினாள். நுரை பொங்கியது. முழங்கை வரை பொங்கியது! ஓரத்தில் புதிதாக ஊறியதை அள்ளி ஒரு வாய் குடித்தும் பார்த்தாள்.

"ஏங்க! நல்ல தண்ணிங்க!"

"அப்படியா? தள்ளு தள்ளு, இன்னும் ஆழமா வெட்டுறேன்!"

அவள் சட்டென்று குழிக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். புடவை நனைந்தால் நனையட்டும்.

"என்னை வெட்டிட்டு வெட்டுங்க. இங்க எவ்வளவு மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு தேங்காது, எங்கதான் போகுதுன்னு பொலம்புவேனே, எல்லாம் மணலுக்குள்ள எறங்கி இங்கதான் இருக்கு. உப்புத் தண்ணி கனம், அடியில கெடக்கு. மழைத் தண்ணி அதுக்கு மேல மிதக்குது. நீங்க அன்னைக்கு அடி வரைக்கும் போய் உப்பைப் புடிச்சுட்டு வந்தீங்க!"

கடப்பாரை தலையைச் சொறிந்தார். "அப்ப நான் கொஞ்சமா வெட்டினா போதுமா?"

"வாழ்க்கையில ஒரு தடவை கொஞ்சமா வெட்டுங்க சாமி!"

அள்ளினால் குறைந்தது. பொறுத்தால் சுற்றியுள்ள மணலிலிருந்து கசிந்து மறுபடி ஏறியது. பொறுமை இல்லாத அவர் அடுத்த கம்பத்துக் குழியையும் வெட்டினார், அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் தண்ணீர். மாறி மாறி அள்ளி, சாயங்காலத்துக்குள் மூட்டை மொத்தத்தையும் வெளுத்துவிட்டார்கள். லாரிக்காரரை வர வேண்டாம் என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த மிடுக்கைக் கேட்க வேண்டுமே!

ஒரே சிக்கல், கம்பம் நட ஒரு குழியும் மிச்சமில்லை. அவள் யோசிக்கவே இல்லை. கயிற்றின் ஒரு முனையைக் கடை ஜன்னலில் கட்டினாள், மறுமுனையைக் கணவர் கையில் கொடுத்தாள். விரிப்புகளைக் கயிற்றில் வரிசையாகப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கடல் காற்றில் ஒரு விரிப்பு பறந்து வந்து அவர் முகத்தை மூடியது.

"ஏய், காய்ஞ்சிருச்சு! விறைக்கவே இல்ல, மெத்துன்னு இருக்கு!"

"கம்பம் பேசக் கூடாது," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.