எடைமேடையும் புதுக் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் புதுசு. பளபளன்னு கறுப்பா உக்காந்திருந்தது. ஆனா எடை காட்டுற பழைய பெட்டியோட வயரைச் செருக அதுல ஒரு இடம்கூட இல்லை. தஹ்மீனாவுக்கு வந்ததே கோபம்!

கீழ்வேளூரைத் தாண்டி நாகப்பட்டினம் போற ரோட்டுல இருக்கிற எடைமேடை அது. பட்டா தஹ்மீனாவோட புருஷன் ஜாஃபர் சாதிக் பேர்ல. அவர் குவைத்துல. அவர் விமானம் ஏறின நாள்லேர்ந்து மேடையைக் கட்டி மேய்க்கிறவ இவதான். நெல் லாரி மேடையில ஏறி நிக்கும். பெட்டியில எடை சிவப்பா எரியும். அந்த எண் ஒன்பது ஊசி வயர் வழியா கம்ப்யூட்டருக்குப் போய் எடைச்சீட்டா அச்சாகி வரும். போன வாரம் விழுந்த இடியில பழைய கம்ப்யூட்டர் கருகிப்போச்சு. பெட்டி மட்டும் தப்பிச்சது.

"இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல அந்த ஒன்பது ஊசியெல்லாம் கிடையாதும்மா. பெட்டியையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிடுங்க"ன்னு தஞ்சாவூர்க் கடைக்காரர் சொன்னார். எப்படித் தூக்கிப் போடுறது? அது எடை சரின்னு சர்க்கார் முத்திரை வச்ச பெட்டி. புதுசுக்கு முத்திரைக்காரர் வந்து சேர்றதுக்குள்ள குறுவை அறுப்பே முடிஞ்சுடும். அச்சடிச்ச சீட்டு இல்லாம எந்த வியாபாரியும் லோடை எடுக்க மாட்டான். ஈர நெல்லு லாரியிலயே முளை விட்டுடும்.

இதுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி கிளம்பினார் ஜெக்கரியா, ஜாஃபரோட அண்ணன். அவருக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை, மேடையை ரைஸ்மில் அரசப்பனுக்குக் குத்தகைக்கு விட்டுடணும்னு. நெல்லை வாங்குறவனே எடையும் போட்டா விளங்கிடும்! ஆனா குவைத்துக்கு ஃபோன் போட்டுத் தம்பி மனசைக் கரைச்சுட்டார். வெள்ளிக்கிழமை மத்தியான ஜும்மா தொழுகைக்குள்ள மேடை ஓடலைன்னா சாவி அரசப்பனுக்குன்னு முடிவாச்சு.

"சரி, ஜும்மாவுக்குள்ள ஓடும். ஓடினா அப்புறம் இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது"ன்னா தஹ்மீனா. ஜாஃபரும் ஒத்துக்கிட்டார்.

பஸ் ஏறித் தஞ்சாவூருக்கே போனா. கடை கடையா ஏறி இறங்கி, ஒரு பக்கம் ஒன்பது ஊசியும் மறு பக்கம் புதுசுக்குச் சேர்ற தட்டை முனையும் இருக்கிற ஒரு முழ வயரைத் தேடிப் பிடிச்சுட்டா. வியாழக்கிழமை மேஜைக்கு அடியில நுழைஞ்சு கம்ப்யூட்டரோட முதுகுல அதைச் செருகினா. எந்த வாசல் வழியா எண் வருதுன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லணும்னு கடைக்காரப் பையன் ஃபோன்ல சொன்னான். வாசல் எண் மூணுன்னு திரையில வந்தது. மூணுன்னே பதிஞ்சா. ரெங்கசாமியோட லாரிக்குச் சீட்டு அச்சாகி வந்தப்போ ரெண்டு கையையும் தட்டிச் சிரிச்சா.

"பாயம்மா, நீங்க ஆளு பலே கெட்டிதான் போங்க!" அப்படின்னார் ரெங்கசாமி.

வெள்ளிக்கிழமை காலையில வானம் இருட்டிக்கிட்டு வந்தது. கம்ப்யூட்டர் கருகினதுலேர்ந்து இடிச் சத்தம் கேட்டாலே அத்தனை வயரையும் பிடுங்கிப் போடுறது தஹ்மீனாவோட வழக்கம். இந்தப் பக்கம் எல்லாக் கடையிலயும் அப்படித்தான். வெளுத்ததும் திரும்பச் செருகினா. பெட்டி எரிஞ்சது. கம்ப்யூட்டரும் எரிஞ்சது. ஆனா திரையில எடைக் கட்டம் காலி. யா அல்லாஹ்!

அந்த நேரம் பார்த்து ஜெக்கரியாவோட கார் வந்து மேடை மேலயே நின்னது. அவர் பின்னாடி ரோட்டுல ஏழெட்டு நெல் லாரி, முதல்ல ரெங்கசாமியோடது. அரசப்பன் முன் சீட்டுல சாய்ஞ்சு உக்காந்திருந்தார். ஜெக்கரியா மட்டும் இறங்கி உள்ளே வந்தார்.

"ஓடுதா?"

"ஓடும் பெரிய மச்சான். முதல்ல காரை எடுங்க. லாரி ஏறணும்."

"ஓடாத மேடைக்கு லாரி எதுக்கு? சாவியைக் குடு. பொம்பளைக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்?"

அவளுக்கு ஆத்திரம் பொங்குச்சு. அந்த ஆளு மூஞ்சியைப் பார்க்கக்கூடப் பிடிக்கலை. திரையைப் பார்த்தா. வாசல் எண் ஆறுன்னு காட்டுச்சு. நேத்து மூணுதானே? யாரு மாத்தினது? ஒருத்தரும் தொடலையே, நான் பிடுங்கினதும் செருகினதும் தவிர...

செருகினது! நேத்து முதுகுப் பக்கம். இன்னைக்குக் குனியச் சோம்பல்பட்டு முன்பக்கத்து ஓட்டையில. ஓட்டைக்கு ஓட்டை எண் மாறுது, சனியன்!

முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு மேஜைக்கு அடியில புகுந்தா.

"கீழ என்ன தேடுற? மானத்தையா?"ன்னு சிரிச்சார் ஜெக்கரியா. வாசல்ல எட்டிப் பார்த்த லாரிக்காரங்க யாரும் சிரிக்கலை.

வயரைப் பழையபடி முதுகுப் பக்கம் செருகிட்டு, தலையெல்லாம் ஒட்டடையோட தஹ்மீனா வெளியே வந்தா. கட்டத்துல எண் வந்து நின்னுது, ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூறு கிலோ. மேடையில என்ன நிக்குது? ஜெக்கரியாவோட காரு. உள்ளே அரசப்பன்.

அவ யோசிக்கவே இல்லை. வண்டி நம்பரைத் தட்டினா. வண்டிக்காரர் பேரு இருக்கிற இடத்துல ஜெக்கரியான்னு தட்டினா. பிரிண்டர் கரகரன்னு கத்திச் சீட்டைத் தள்ளுச்சு. கிழிச்சு நீட்டினா.

"பிடிங்க. ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருக்கு. எடை போட்ட கூலியை வச்சுட்டுக் காரை எடுங்க."

"என் தம்பி மேடையில எனக்கே கூலியா?"

"உங்க தம்பி வந்து நின்னாலும் கூலி உண்டு. ரெங்கசாமி அண்ணே, ஹாரனை அடிங்க!"

ரெங்கசாமி அடிச்சார். அவர் பின்னாடி நின்ன அத்தனை பேரும் அடிச்சாங்க. காதைப் பொத்திக்கிட்டு அரசப்பன்தான் முதல்ல கத்தினார், "வண்டியை எடுங்க பாய், போதும்!"

ஜெக்கரியா சீட்டைச் சட்டைப் பையில திணிச்சுக்கிட்டு ஓடிப்போய் ஏற, கார் இறங்கிச்சு. ரெங்கசாமியோட லாரி ஏறிச்சு. நாலாவது லாரி நிக்கிறப்போ குவைத்துலேர்ந்து ஃபோன்.

"என்ன தஹ்மீனா, அண்ணனை ஊரு முன்னாடி அவமானப்படுத்திட்டியாமே? மேடை ஓடுதா இல்லையா? அதைக் கேட்டா மட்டும் அவரு பேச்சை மாத்துறாரு."

"அவரு சட்டைப் பையில சீட்டு இருக்கு, எடுத்துப் படிக்கச் சொல்லுங்க. எனக்கு லாரி நிக்குது"ன்னு சொல்லிட்டு ஃபோனை வச்சா.