குரோம்பேட்டை பூரியும் பொழிச்சலூர் சர்க்கரையும்

குரோம்பேட்டையில் அயூப் தின்ற பூரிக்கெல்லாம் பொழிச்சலூரில் அவர் மனைவி ஜஹீராவுக்குச் சர்க்கரை ஏறியது. நோயென்னவோ அயூபுக்குத்தான். நான்கு வருடங்களுக்கு முன் அது தெரிந்த அன்றே ஜஹீரா இடியாப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் வீட்டைவிட்டு ஒழித்தாள். காலையில் கேழ்வரகு அடை இரண்டு, முளைகட்டிய பயறு, அவித்த முட்டை. அவர் மட்டும் நாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாவம் என்று அவளும் அதையே சாப்பிட்டாள்.

அயூப் அடையைச் சமர்த்தாகத் தின்றுவிட்டு, குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் தன் பைப் கடையைத் திறக்குமுன் தேவானந்தத்தின் டிபன் கடைக்குள் நுழைவார். "வா பாய், கேசரி சூடா கீது" என்பார் தேவானந்தம். மூன்று பூரி, ஒரு கேசரி. பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவார். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டார். ஊரில் எல்லோரும் செய்கிற தில்லுமுல்லுதான். மூன்று மாதச் சராசரி பார்க்கும் சோதனையில் அது எடுபடாது என்பார்கள். அயூபுக்கு அதுவும் சரியாகவே வந்தது. கூடப் போன கையோடு சும்மா தானும் ரத்தம் கொடுத்துப் பார்த்த ஜஹீராவுக்குத்தான் எகிறியிருந்தது.

"ஏம்மா, வீட்டுக்காரருக்குத் தெரியாம என்ன சாப்பிடறீங்க?" என்று மருத்துவர் அயூபின் எதிரிலேயே கேட்டார். ஜஹீரா தலை நிமிரவில்லை. அயூப் மீசையைத் தடவிக்கொண்டார். வீட்டில் அவளுடைய இரண்டு அடை ஒன்றானது, ஒன்று பாதியானது. சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவரைக் கேட்டு இருவரும் நோன்பு வைத்த ரம்ஜான் மாதத்தில் மட்டும் இறங்கியது. பெருநாள் முடிந்து அயூப் மறுபடி பூரிக்கு உட்கார்ந்த வாரமே ஏறியது. அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் பத்து மாதம் தின்றார். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது. அவருக்கும் கூசிற்று, கூசிக்கொண்டே தின்றார்.

பத்தாவது மாதம், ஜஹீராவின் கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்தது. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். மறுநாள் டிபன் கடை வாசல் வரை போன அயூப் அப்படியே வீட்டுக்குத் திரும்பினார். கட்டுப்போட்ட காலருகே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியுங்க" என்றாள் ஜஹீரா. "நீங்க கேசரி சாப்பிடற அன்னைக்கு எனக்கு இங்க வாய் இனிக்கும்."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கல? டாக்டர்கிட்ட அவ்ளோ பேச்சு வாங்கினியே?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

அயூப் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

விரல் பிழைத்தது, புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. கிளினிக்கில் விஷயத்தைச் சொன்னபோது மருத்துவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். இப்போதெல்லாம் ரத்தத்தை ஜஹீராவிடம் எடுக்கிறார்கள். "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்வியை அயூபிடம் கேட்கிறார்கள். அவர் தலை குனிந்தபடி உண்மையைச் சொல்கிறார்.