கழுதையும் ஓணானும் போட்ட கடைசிச் சண்டை

அந்த மாடி வீட்டிலிருந்து அலறல் கேட்டால் தெருவில் ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கீழே புத்தகக்கடை வைத்திருப்பவர் மட்டும் வாடிக்கையாளரைப் பார்த்துக் கண்ணடிப்பார். "அடுத்த புத்தகம் தயாராகுது. கேட்டுக்கோங்க, ஓசில நாடகம்."

மாடியில் இருப்பது ஓர் அண்ணனும் தங்கையும். அவன் எழுதுவான், அவள் வரைவாள். ஒரு கழுதையும் ஓர் ஓணானும் சிநேகிதமாகி ஊர் சுற்றும் படக்கதைகள். குழந்தை இருக்கிற வீட்டில் ஒன்றாவது கிழிந்து கிடக்கும், அவ்வளவு புகழ். எதையும் நடித்துப் பார்த்த பிறகுதான் அவள் பென்சிலைத் தொடுவாள். அவன் கழுதையாகக் கனைத்து உதைப்பான். அவள் ஓணானாகி மேசைமேல் தொற்றிக்கொண்டு கத்துவாள். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் ஆரம்பித்த விளையாட்டு. அப்போதே ஓர் ஒப்பந்தமும் உண்டு. யாராவது "பக்கம் புரட்டு" என்றால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

அவள் நிறுத்துவாள். அவன் நிறுத்த மாட்டான். விற்பனை குறைந்த மாதம் கிள்ளுவது முறுக்குவதாகும், முறுக்குவது மிதிப்பதாகும். அவள் "பக்கம் புரட்டு" என்று கெஞ்சுவாள். கீழே கடைக்காரர் சிரிப்பார். இதே அண்ணன் மேடையில் மைக்கைப் பிடித்தால் உருகிவிடுவான், தெரியுமா? "யாராவது கத்தினா சத்தத்தை மட்டும் கேக்காதீங்க செல்லங்களா, முகத்தைப் பாருங்க" என்று ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் கழுதை சொல்லும் வசனத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். பெற்றவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சுவார்கள். அடப் படுபாவி!

அன்று மத்தியானம் அவள் பையைக் கட்டிக் கதவருகில் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"அண்ணா, நான் கெளம்பறேன். வேற ஊர்ல ஒரு பதிப்பகத்துல வரையக் கூப்டிருக்காங்க."

"ஓணான்?"

"அது என் கையில பொறந்தது. என்கூடத்தான் வரும்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ சிரித்தான். "சரி, போயிட்டு வா. கடைசியா ஒரு காட்சி பாக்கி இருக்கே. ரெண்டு பேரும் மொத மொறையா சண்டை போடறாங்க. நடிச்சுக் குடுத்துட்டுப் போ."

அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க வேண்டியவள். பழக்கதோஷம், என்ன செய்ய? செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறினாள்.

அவன் காலைப் பிடித்து இழுத்தான். தாடை மேசை விளிம்பில் மோதியது. வாயெல்லாம் ரத்தம், ஒரு பல் நாக்கில் உருண்டது. "பக்கம் புரட்டு" என்றாள். அவன் அவளைப் படத்தாள் வைக்கும் பெரிய இழுப்பறை வரைக்கும் முடியைப் பிடித்து இழுத்துப் போனான். எந்தக் கை வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வலதுகையை உள்ளே திணித்துவிட்டுக் காலால் எட்டி உதைத்தான். இழுப்பறை மூடியது. மறுபடி திறந்து மறுபடி உதைத்தான். சுள்ளி ஒடிவது போல அவள் விரல்கள் ஒடிந்தன. அவள் போட்ட கூச்சலில் தொண்டை கிழிந்தது.

"வரைடி இப்ப! ஓணானைக் கூட்டிட்டுப் போறாளாம் ஓணானை!"

தூரிகை கழுவும் கண்ணாடி ஜாடி இடதுகையில் தட்டுப்பட்டது. அதை அவன் நெற்றியில் உடைத்தாள். அவன் நிலைகுலைந்து பிடி தளர்ந்ததும் கையை உருவிக்கொண்டு படியில் பாதி ஓடியும் பாதி உருண்டும் தெருவுக்கு வந்து விழுந்தாள்.

தெரு கைதட்டியது.

"பாரேன், ரத்தம்கூட அப்படியே இருக்கு!" என்றார் கடைக்காரர். சிவப்பு மை என்று நினைத்துக்கொண்டார் மனுஷன். அவள் சொல்லப் பார்த்தாள். வீங்கிய தாடை சரியாக அசையவில்லை. "காப்... காப்..." என்றுதான் வந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு.

அதற்குள் அவன் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, முகத்தில் மேடைச் சிரிப்போடு இறங்கி வந்தான். "மன்னிச்சுக்கோங்க. ஓணானுக்கு இன்னிக்குக் கொஞ்சம் உணர்ச்சி கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள் பிடரியைப் பற்றிப் படிப்பக்கம் தள்ளினான். மேலே போனால் இடதுகையும் போய்விடும், உயிரும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்தது. காலை ஊன்றிப் பார்த்தாள். பலம் இல்லை. தெருவே வழிவிட்டு நின்றது.

கடைக்காரரின் மகள் மட்டும் வழிவிடவில்லை. ஆறு வயது, இடுப்பு உயரம், காரம் அதிகம் என்பதால் எல்லோருக்கும் மிளகு. அத்தனை கழுதைப் புத்தகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் முன்னால் வந்து, புத்தகத்தில் சொன்னபடியே, அண்ணாந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள்.

"கழுதை மாமா, அக்காவை விடுங்க."

"இது கதைடா செல்லம்."

"இல்ல. அக்கா மூஞ்சி வெளையாடல."

"தள்ளு."

மிளகு தள்ளவில்லை. பிடரியைப் பிடித்திருந்த கையை எம்பிப் பிடித்துத் தொங்கி, மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பு வரைக்கும் போயிருக்கும். அவன் சபையை மறந்தான். விட்டான் ஓர் அறை. குழந்தை பறந்து போய்க் கடை வாசலிலிருந்த புத்தக அடுக்கில் மோதியது. கழுதையும் ஓணானும் அவள்மேல் சரிந்தன.

இந்த அறை நடிப்பு இல்லை என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எம் பொண்ணையாடா!" என்று கடைக்காரர் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியோடு பாய்ந்தார். பின்னாலேயே தையல்காரர், பால் ஊற்றுகிறவர், இன்னும் பெயர் தெரியாத பத்துப் பேர். கம்பி முழங்காலில் இறங்கியது. விழுந்தவனை மிதித்தார்கள். விலாவில், வாயில், மைக்கைப் பிடித்த கையில். இத்தனை வருஷம் அந்தப் படிகளை ஏறி வர ஒரு காலும் எழவில்லையே, இப்போது எங்கிருந்து வந்தன இவ்வளவு கால்கள்? அவளுக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தைவிட அந்தக் கால்களின்மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

அவள் தவழ்ந்து போய் மிளகை மடியில் இழுத்துப் படியில் உட்கார்ந்தாள். குழந்தையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மடியில் கிடந்த வலதுகை அவளுடையது மாதிரியே இல்லை.

கால்களுக்கு நடுவிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "பக்கம் புரட்டு! தங்கச்சி, பக்கம் புரட்டு! பக்கம் புரட்டு!"

"இன்னும் நடிக்கிறான் பாரு!" என்று யாரோ ஓங்கி மிதித்தார்கள்.

கட்டிலுக்கடியில் கேட்ட அதே சின்னப் பையன் குரல். அவள் உடம்பு தானாக எழப் பார்த்தது. தெருவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, மாமா என்ன சொல்றாரு?" என்று மிளகு கேட்டாள்.

அவள் இடதுகையால் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். உடைந்த தாடையை அசைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"தெரியலடா."